வாய்ப்புண் ஆறவே இல்லையா? பெம்பிகஸைக் கண்டறிவது எப்படி

[திரையில்: கன்னத்தின் உட்புறம் தோலுரிந்து சிவந்த புண்]

வணக்கம். ரசம் பட்டாலே வாய் எரிகிறது. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை தீர்ந்துவிட்டது, ஜெல்லும் தடவியாகிவிட்டது, புண் மட்டும் ஆறவில்லை. இப்படி வாரக்கணக்கில் அவதிப்படுகிறவர்களில் மிகச் சிலருக்கு இருப்பது பெம்பிகஸ் வல்காரிஸ் என்ற அரிய, நாள்பட்ட தோல் நோய்.

தோல் நோய்தான். ஆனால் பெரும்பாலானோருக்கு வாயில்தான் தொடங்கும். உடம்பில் கொப்புளம் வரச் சில மாதங்கள்கூட ஆகலாம். அதுவரை யாருக்கும் தோல் மருத்துவர் நினைவுக்கே வருவதில்லை. நாள் வீணாவது இங்கேதான்.

தோல் செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பது டெஸ்மோகிளீன் என்ற புரதம். நம் நோய் எதிர்ப்பு மண்டலமே அதைத் தாக்கும்போது பிணைப்பு விட்டுப்போய், மேல்தோலுக்குள்ளேயே நீர் கோத்துக்கொள்கிறது. அதனால்தான் கொப்புளம் தொளதொளவென்று இருக்கிறது, சீக்கிரம் உடைகிறது. இது அம்மையும் அல்ல, அக்கியும் அல்ல; செங்காவி பூசாதீர்கள். யாருக்கும் தொற்றாது. தனித் தட்டு, தனிப் பாய் என்று அவரை ஒதுக்கி வைப்பது பெரும் கொடுமை.

[திரையில்: கையுறை அணிந்த விரல், முழங்கைத் தோல்மீது]

கொப்புளத்துக்குப் பக்கத்தில் நன்றாகத் தெரியும் தோலை மருத்துவர் அழுத்தித் தேய்ப்பார். மேல்தோல் வழுக்கிப் பிரிந்தால், அது நிக்கோல்ஸ்கி அறிகுறி. சந்தேகம் வலுக்கும், அவ்வளவுதான். வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். புதிதாக ஒரு புண்தான் மிஞ்சும்.

[திரையில்: இரண்டு சிறு குப்பிகள்]

உறுதி செய்வது பயாப்சி, அதாவது தோலில் சிறு துணுக்கை வெட்டியெடுத்துச் சோதிப்பது. இரண்டு துணுக்குகள் வேண்டும். புதிய கொப்புளத்தின் விளிம்பில் எடுப்பது ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போகும். செல்கள் எந்த மட்டத்தில் பிரிந்தன என்று காட்டும். அடுத்தது, புண்ணை ஒட்டிய நல்ல தோலிலிருந்து. இதை ஃபார்மலினில் போட்டால் சோதனையே பாழ். இதற்கென்று தனிக் கரைசல் இருக்கிறது. ஒளிரும் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், செல்களின் விளிம்பெல்லாம் மீன்வலை விரித்தாற்போல் பச்சையாக மின்னும். இதுதான் இம்யூனோஃப்ளோரசன்ஸ். இந்த நோயாளிகளின் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளை, அதாவது தோலைத் தாக்கும் நோய் எதிர்ப்புப் புரதத்தை, 1964இல் ஆய்வாளர்கள் பியூட்னரும் ஜோர்டனும் கண்டுகொண்டதும் இப்படி ஒளிரச் செய்துதான். இன்று டெஸ்மோகிளீன் எதிர்ப்பொருளை எலைசா இரத்தப் பரிசோதனையிலும் அளக்கிறார்கள்.

ஸ்டீராய்டு வருவதற்கு முன் இந்த நோய் பெரும்பாலானோரின் உயிரைப் பறித்தது. இப்போது ஸ்டீராய்டோடு ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துகளும் இருப்பதால் அடக்கி வைக்க முடிகிறது.

எனவே 3 வாரம் தாண்டியும் ஆறாத வாய்ப்புண்ணை மருத்துவரிடம் காட்டுங்கள்; கொப்புளமும் சேர்ந்தால் நேரே தோல் மருத்துவரிடம் போங்கள். பயாப்சி எடுக்கச் சொன்னால், “இம்யூனோஃப்ளோரசன்ஸுக்கும் ஒரு துணுக்கு எடுக்கிறீர்களா, டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள்.