கப்பல் ஏன் 'றோட்'டில் நின்றது? திருகோணமலைக் கடலும் ஒரு சொல்லின் கதையும்

1659ஆம் ஆண்டு, நவம்பர் 19. இந்தியாவின் கிழக்குக் கரையில், மசூலிப்பட்டினத்து 'றோட்'டில் ஆன் என்ற ஆங்கிலேயக் கப்பல் நிற்கிறது. ஊருக்குத் திரும்புவதற்காகச் சரக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று பெரும் புயல். பல கப்பல்கள் அழிந்துபோகின்றன. ஆன் கப்பலோ தன் பிரதான பாய்மரத்தை வெட்டி வீழ்த்தித்தான் தப்புகிறது.

கொஞ்சம் நில்லுங்கள். றோட்டில் கப்பலா?

ஆம், றோட்டில்தான்! அந்தக் கப்பலின் தலைவருடைய மகன் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் லண்டனில் அச்சான தன் நூலில் அப்படித்தான் எழுதியிருக்கிறார். பாய்மரம் இழந்த கப்பல், அதைச் சீர்செய்ய எங்கே வந்தது தெரியுமா? நம்முடைய கொட்டியாரக் குடாவுக்கு!

(திரையில்: கொட்டியாரக் குடா, மூதூர்க் கரை)

வணக்கம். திருகோணமலையிலிருந்து பேசுகிறேன். 'றோட்' என்ற சொல்லைப் பற்றி இணையத்தில் எத்தனையோ விளக்கங்கள் இருக்கின்றன. எல்லாம் தார், கல், ரோமானியர் என்று போய்விடுகின்றன. கடலை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். துறைமுக ஊர்க்காரர்களாகிய நமக்கு அது போதாது.

வேரை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆங்கிலத்தில் 'றாட்' என்றால் குதிரையேறிச் செல்வது; சவாரி. சவாரி செய்வதைக் குறிக்கும் 'ரைட்' (ride) என்ற வினையின் உறவு. குதிரைப் படையுடன் போய்க் கொள்ளையடிப்பதையும் அதே சொல் குறித்தது. அதன் ஸ்கொட்லாந்து வடிவம்தான் இன்று பொலிஸ் செய்திகளில் வரும் 'ரெய்ட்'. தரையில் போட்ட பாதை என்ற பொருள் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில்தான் நிலைபெற்றது.

இப்போது கடலுக்கு வருவோம். நங்கூரம் பாய்ச்சிய கப்பலைப் பார்த்திருக்கிறீர்களா? அது சும்மா நிற்பதில்லை. காற்று திரும்பினால் முகத்தைத் திருப்புகிறது. அலை வந்தால் ஏறி இறங்குகிறது. ஆங்கிலேய மாலுமிகள் அதைச் சவாரி என்றார்கள். 'பேயோவுல்ஃப்' என்னும் பழங்காவியத்திலேயே கப்பல் நங்கூரத்தின்மீது சவாரி செய்கிறது. அதே காவியம் கடலைத் 'திமிங்கிலத்தின் றாட்' என்கிறது. திமிங்கிலம் பார்க்கப் படகேறும் நம் ஊர்க்காரருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேண்டுமா? எனக்கு இந்தச் சொல்லாட்சி மிகவும் பிடித்திருக்கிறது.

ஆக, கப்பல்கள் நங்கூரமிட்டுச் சவாரி செய்யக்கூடிய, கரையை ஒட்டிய நீர்ப்பரப்பே 'றோட்'. பழைய ஆவணங்களில் 'மெட்ராஸ் றோட்ஸ்' என்று வந்தால் அண்ணாசாலையைத் தேடாதீர்கள். அது சென்னைக்கு முன்னால் உள்ள திறந்த கடல். அமெரிக்காவின் 'ஹாம்ப்டன் றோட்ஸ்' சண்டையும் அப்படித்தான். 1862இல் இரும்புக்கவசக் கப்பல்கள் மோதிக்கொண்டது நீரில்!

(திரையில்: திருகோணமலை வரைபடம், கோட்டையும் சுவாமி மலையும் உள்ள முனை)

துறைமுகத்துக்கும் றோட்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்பீர்கள். அதைக் காட்ட நம் ஊரைப் போல இன்னோர் ஊர் கிடைப்பது அரிது. கோட்டை முனைக்கு வடபுறம், வரைபடங்களில் 'பேக் பே' எனப்படும் குடா. கப்பல் நிற்கலாம், ஆனால் கிழக்கும் வடக்கும் திறந்த கடல். வாடைக்காற்றுக் காலத்தில் அங்கே நிற்பது ஆபத்து. முனையைச் சுற்றி வந்து உட்துறைமுகத்துக்குள் நுழைந்துவிட்டால் நாலா பக்கமும் நிலம், ஆழமான நீர், ஆண்டு முழுவதும் பாதுகாப்பு. சென்னையின் திறந்த றோட்டில் ஐப்பசி, கார்த்திகைப் புயல்களுக்கு அஞ்சிய கடற்படைகளுக்கு இந்த உட்துறைமுகம் எவ்வளவு பெரிய ஆசை என்பது விளங்குகிறதா? 1782ஆம் ஆண்டு மட்டும் பாருங்கள்: ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார்கள், ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் அவர்களிடமிருந்து பறித்தார்.

நொக்ஸ் என்ன ஆனார் என்று சொல்லாமல் விட்டால் திட்டுவீர்கள். 1660இல், கப்பல் கொட்டியாரக் குடாவில் நின்றபோது, கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் தந்தையையும் மகனையும் பிடித்துக் கண்டி இராச்சியத்துக்குள் கொண்டுபோனார்கள். தந்தை அங்கேயே இறந்தார். மகன் 1679இல்தான் மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டைக்குத் தப்பி ஓடினார். மூதூரில் 'வெள்ளைக்காரன் மரம்' என்று ஒரு புளியமரத்தடியில் நினைவுக்கல் நாட்டப்பட்டது அந்தச் சிறைபிடிப்பின் நினைவாகத்தான்.

நம் தமிழுக்கு வருவோம். தமிழகத்தார் சாலை என்பதை நாம் வீதி என்கிறோம். நமக்குச் சாலை பெரும்பாலும் கட்டடம்: பாடசாலை, வைத்தியசாலை. வீதி என்றால் கோயிலைச் சுற்றிய உள்வீதி, வெளிவீதியும் நினைவுக்கு வரும். பழந்தமிழில் 'ஆறு' என்றால் வழி; ஆற்றுப்படை என்ற பெயர் அதிலிருந்து வந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறொரு சொல். கிழக்கு மாகாணத்தில் 'பாதை' என்றால் என்ன? வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக் களப்பைக் கடக்கும் மிதவை! கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும்வரை திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்குப் பாதையில்தான் போனோம். ஆங்கிலேயருக்கு நீரில் றோட் இருந்ததுபோல நமக்கு நீரில் பாதை இருந்தது. இதை எந்த அகராதி விளக்க வீடியோவிலும் நான் கேட்டதில்லை. அதனாலேயே இந்த வீடியோ.

இந்தச் சொல்லை வெறும் வேடிக்கையாக விட்டுவிடவும் முடியாது. 2021 நவம்பர் 23ஆம் திகதி, கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். பாலம் கட்டும் வேலை நடந்ததால் அந்தப் பாதையை நம்பிப் போனவர்கள் அவர்கள். நீர்மேல் போகும் வழியும் வீதிதான். அதற்கும் வீதிக்குரிய பாதுகாப்பு இருந்திருக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

கிண்ணியாப் பாதையில் போனவர்கள், ஓட்டியவர்கள், கயிறு இழுத்தவர்கள் இதைப் பார்த்தால் கீழே எழுதுங்கள். கயிற்றுக்கு, இறங்குதுறைக்கு, காத்திருக்கும் வரிசைக்கு நீங்கள் சொன்ன பெயர்கள் எல்லாம் வேண்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றே கேட்டு எழுதுங்கள். அடுத்த வீடியோவில் அவற்றை வாசிக்கிறேன்.