ஆளுக்கு ஒரு பக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

1970-களில் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பை முடித்துவிட்டுப் பட்டப்படிப்பில் சேர்ந்தவர்களுக்கு இன்று எழுபது வயதை ஒட்டி நடக்கிறது. ஒன்றாகப் படித்து முடித்த ஒவ்வொரு செட்டுக்கும் அநேகமாக ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. விடிந்தால் முப்பது குட்மார்னிங் ரோஜாப்பூ, வெள்ளிக்கிழமை அம்மன் படம், வெந்தயத்தின் மகிமை பற்றி ஒரு நீளமான செய்தி. ஆனால் கூடப் படித்தவர்களில் யார் இப்போது எந்த ஊரில் இருக்கிறார், யாருக்கு உடம்புக்கு முடியவில்லை, யார் தனியாக இருக்கிறார் என்று கேட்டால் குழுவில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதற்காகத்தான் பல செட்டுகள் ஒரு விவர மலர் போடுகிறார்கள். ஆளுக்கு ஒரு பக்கம், அன்றைய படம், இன்றைய படம், நடுவில் நடந்தது கொஞ்சம். அதைத் தொகுக்கும் வேலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இந்த மலர் தொலைபேசியில் உருவாகும் மலர். "உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள்" என்று குழுவில் போட்டுப் பாருங்கள். தலைமைப் பொறியாளராக ஓய்வு பெற்றவர் நான்கு பக்கம் அனுப்புவார், பதவி உயர்வு கிடைத்த தேதிகளோடு. கூட்டுறவு வங்கியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், "நான் என்னத்தை எழுதறது, விடுப்பா" என்பார். அந்த இரண்டாமவர் இல்லாமல் அச்சானால் கையில் இருப்பது ஏழெட்டுப் பேரின் பயோடேட்டா. எனவே குழுவில் அறிவிப்பு ஒருமுறை போதும். மீதி எல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசி வாங்குவதுதான். எண்பது பேர் செட்டுக்கு நான்கு பேர் உட்கார்ந்தால், தலைக்கு இருபது பேர். வாரத்துக்கு இரண்டு பேரிடம் பேசினாலும் இரண்டரை மாதம் ஆகும். ஆறு மாதத்துக்குள் மலர் வரும் என்று யாராவது சொன்னால் நம்பலாம். ஒரு மாதத்தில் என்றால் நம்பாதீர்கள்.

முதல் வேலை, பெயர்ப் பட்டியல். வாட்ஸ்அப் குழுவைப் பட்டியலாக எடுத்துக்கொள்வதுதான் எல்லாரும் செய்யும் தவறு. குழுவில் இல்லாதவர்களைத் தேடத்தானே இந்த ஏற்பாடே. கடைசி வருடம் எடுத்த குரூப் போட்டோவைத் தேடி எடுங்கள். தடித்த அட்டையில் ஒட்டி, கீழே 'அமர்ந்திருப்பவர்கள் இடமிருந்து வலம்' என்று வரிசை வரிசையாகப் பெயர் அச்சடித்திருப்பார்கள். படம் எடுத்த அன்று வராதவர்கள் பெயரும் சிலவற்றில் கடைசி வரியில் இருக்கும். அதோடு வகுப்பில் எல்லாருடைய வரிசை எண்ணையும், அதாவது ரோல் நம்பரை, எழுதி வைத்தவர் செட்டில் ஒருவராவது இருப்பார். வரிசை எண் அவசியம். ஒரே வகுப்பில் மூன்று ராஜேந்திரன், இரண்டு சுப்பிரமணியன் இருந்தால் இனிஷியலை மட்டும் நம்பக் கூடாது.

அடுத்து ஆட்டோகிராப் நோட்டு. அதில் எழுதிய கவிதையை விடுங்கள், கீழே எழுதிய நிரந்தர முகவரிதான் நமக்குச் சொத்து. படிக்கும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அன்றைய மாவட்டம் இன்று இல்லை. தென்னார்க்காடு மாவட்டம் என்று எழுதியிருந்தால் அந்த ஊர் இன்று கடலூரிலோ விழுப்புரத்திலோ கள்ளக்குறிச்சியிலோ இருக்கும். வடஆர்க்காடு என்றால் வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் நான்கையும் பார்க்க வேண்டும். அன்றைய ராமநாதபுரம் 1985-ல் மூன்றாகப் பிரிந்தது; சிவகங்கையும் விருதுநகரும் அதிலிருந்து வந்தவைதான். பின்கோடு 1972-ல்தான் வந்தது, பழக்கத்துக்கு வரக் கொஞ்ச காலம் பிடித்தது, அதனால் பலர் அதை எழுதியிருக்க மாட்டார்கள். 'போஸ்ட்', 'வழி' என்று எழுதிய இரண்டு ஊர்ப் பெயரை வைத்துத் தேடினால் இடம் பிடிபட்டுவிடும். பக்கத்தில் இருக்கும் யாராவது நேரில் போய் விசாரிக்கும்போது தோழரின் பெயரைவிட அவருடைய அப்பா பெயரையும் அவர் பார்த்த தொழிலையும் சொல்லிக் கேட்பது பலன் தரும். கிராமத்தில் மளிகைக்கடைக்காரர் மகன் என்றால் தெரியும், பி.ஈ. படித்தவர் என்றால் தெரியாது.

பெண்களைத் தேடுவது வேறு கணக்கு. பட்டியலில் வி. கமலா என்று இருப்பவர் கல்யாணத்துக்குப் பிறகு அப்பா இனிஷியலை விட்டுக் கணவர் இனிஷியலுக்கு மாறியிருப்பார். வடக்கே போயிருந்தால் கணவர் பெயரே பின்னால் ஒட்டியிருக்கும். முகநூலில் பழைய பெயரைப் போட்டுத் தேடிப் பயனில்லை. விடுதியில் கூட இருந்தவர், அண்ணன் தம்பி, கல்யாணப் பத்திரிகை வைத்திருக்கும் யாராவது ஒருவர், இப்படித்தான் நூல் பிடிக்க வேண்டும். தேடும் பொறுப்பை வகுப்பில் படித்த பெண்கள் இருவரிடமே கொடுத்துவிடுவது நல்லது. நாற்பத்தைந்து வருடம் கழித்து முன்பின் பேசாத ஆண் குரல் வீட்டுக்குப் போன் செய்தால், எடுப்பவர் மருமகளாக இருந்தாலும் கணவராக இருந்தாலும், முதல் ஐந்து நிமிடம் யார் என்று விளக்குவதிலேயே போய்விடும்.

இனி போனில் பேசுவது. நேரம் முக்கியம். காலை எட்டரை வரை நடைப்பயிற்சி, குளியல், பூஜை. மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை தூக்கம். பத்தரையிலிருந்து பன்னிரண்டு, மாலை ஐந்திலிருந்து ஆறரை, இந்த இரண்டு வேளைதான் தோது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருப்பவர்களை நம் காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டால் அங்கே கோடையில் முதல்நாள் இரவு ஒன்பதரை, குளிர்காலத்தில் எட்டரை. காது கேட்கும் கருவி போட்டவர்களுக்கு வீடியோ அழைப்பு உதவும், உதட்டசைவைப் பார்த்துக்கொள்வார்கள். ஒருமுறை பேசினால் இருபது நிமிடம் போதும். பேச்சைப் பதிவு செய்வதானால் முதலிலேயே சொல்லி அனுமதி வாங்கிவிட வேண்டும்.

கேள்விகளில்தான் சூட்சுமம் இருக்கிறது. "இப்ப என்ன பண்றே?" என்று கேட்டால் "ரிட்டயர்டு, சும்மாதான் இருக்கேன்" என்று பதில் வரும், அதோடு கதவு மூடிக்கொள்ளும். பெரிய கேள்வியைச் சின்னச் சின்னதாக உடைக்க வேண்டும். முதல் சம்பளம் எந்த ஊரில் வாங்கினாய்? வேலையில் எத்தனை ஊர் மாறினாய்? கடைசியாகப் பார்த்த வேலையில் உன் மேஜை மேல் என்ன இருக்கும்? காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய், காபி யார் போடுவது? இந்தக் காபிக் கேள்வியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். "பேத்தி மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கா, நான்தான் போடறேன்" என்று ஒருவர் சொல்வார், பேத்தி யார் என்ற கதை தானாக வரும். இன்னொருவர், "நானேதான் போட்டுக்கறேன், மூணு வருஷமா" என்று நிறுத்துவார். அங்கே அடுத்த கேள்விக்குத் தாவக் கூடாது. கொஞ்சம் சும்மா இருந்தால் அவரே சொல்வார். சொல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

'பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள்' என்ற கேள்வியைப் படிவத்திலேயே வைக்காதீர்கள். குழந்தை இல்லாதவர்கள் இருப்பார்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இருப்பார்கள், பிள்ளையோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்களும் இருப்பார்கள். 'இப்போது வீட்டில் உங்களோடு யார் யார் இருக்கிறார்கள்' என்று கேட்டால் யாரும் புண்பட மாட்டார்கள், தேவையான பதிலும் கிடைத்துவிடும். பிறந்தநாளிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்தத் தலைமுறையில் பலருக்குச் சான்றிதழ்ப் பிறந்தநாள் ஒன்று, நிஜப் பிறந்தநாள் ஒன்று. பள்ளியில் சேர்க்க வாத்தியார் போட்ட தேதிக்குத்தான் குழுவில் வாழ்த்து குவிகிறது. எழுபதாம் வயதில் பீமரத சாந்தி நடப்பது நிஜ வயதுக்கு. எனவே நிஜத் தேதியைக் கேளுங்கள். அச்சில் நாளும் மாதமும் மட்டும் போதும்.

எழுதும்போது எல்லாருக்கும் ஒரே அளவு. டெம்மி அளவு, அதாவது சாதாரண நாவல் அளவுப் புத்தகத்தில், எழுபது வயதுக் கண்ணுக்குத் தோதாக 13 புள்ளி எழுத்தில், இரண்டு சிறு படமும் வைத்தால் பக்கத்துக்கு 120 சொல் கொள்ளும். நான்கு பக்கம் எழுதியவருக்கும் அதே 120 தான். வெட்டும் பாவத்தை நீங்கள் செய்யாமல், அவரையே வெட்டித் தரச் சொல்லுங்கள். பக்கங்களை வரிசை எண்படி அடுக்குங்கள். பதவிப்படி அடுக்கினால் முதல் பக்கத்திலேயே மலர் தோற்றுவிடும். பெயருக்கு மேலே பட்டமும் பதவியும் போடுவதும் வேண்டாம். பட்டப்பெயர் என்று ஒன்று எல்லாருக்கும் இருந்திருக்கும், கேட்காமல் அச்சிடாதீர்கள். உடம்பையோ சாதியையோ வைத்து வந்த பட்டப்பெயரைச் சம்மதம் தந்தாலும் அச்சிட வேண்டாம். மலரைப் பேரன் பேத்திகளும் புரட்டுவார்கள்.

படங்களில்தான் அதிகம் கெடுகிறது. குரூப் போட்டோவில் ஒருவர் முகம் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. அதை 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், ஸ்கேன் செய்தால் அந்த முகத்துக்குக் கிடைப்பது 118 புள்ளிதான். மலரில் மூன்று சென்டிமீட்டருக்குப் பெரிதாக்கினால் சுமார் 350 புள்ளி தேவை; இல்லாவிட்டால் மாவு மாதிரி கலங்கிப்போகும். ஸ்கேனரில் 1200 வைத்துவிடுங்கள், தாராளமாக இருக்கும். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஈரம் இறங்கிப் படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடே ஸ்கேன் செய்யுங்கள். கைபேசியில் எடுப்பதானால் ஃபிளாஷை அணைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, உங்கள் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடிக்கச் சொல்லுங்கள், பிம்பம் விழாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் வரும். 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பினால் முழு அளவில் வரும். இதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கும், பொறுமை வேண்டும்.

அச்சகத்துக்குப் போகும்போது எழுத்துரு விஷயம். நாம் அனுப்புவது யூனிகோடு. டிடிபி செய்பவர், அதாவது கணினியில் பக்கம் அமைப்பவர், பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறும், 'கொ' பிளந்து நிற்கும், 'ஸ்ரீ' காணாமல் போகும். பிழை திருத்தும்போது ஒகர ஓகாரங்களையும் இனிஷியல்களையும் தனியாக ஒருமுறை பாருங்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் பக்கத்தை மட்டும் அனுப்பி ஒரு வாரம் கொடுங்கள். முழு மலரையும் குழுவில் போட்டால் ஒருவர் பக்கத்தை இன்னொருவர் திருத்த ஆரம்பித்துவிடுவார். 300 பிரதிக்குக் கீழே என்றால் டிஜிட்டல் அச்சு கட்டுபடியாகும். ஆஃப்செட் என்றால் 16 பக்கம் ஒரு ஃபாரம். எண்பது பேருக்கு எண்பது, முன்னும் பின்னும் பதினாறு, ஆக 96, ஆறு ஃபாரம் சரியாக முடியும். நூறு பக்கம் ஆகிவிட்டால் நான்கு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

அந்தப் பின் பக்கங்களில் ஊர்வாரிப் பட்டியல் ஒன்று அவசியம் இருக்க வேண்டும். கோயம்புத்தூரில் யார் யார், பெங்களூரில் யார் யார், அதில் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்து உட்காரத் தயாராக இருப்பவர் யார், ஆயுள் சான்றிதழை ஜீவன் பிரமாண் செயலியில் எடுத்துத் தரத் தெரிந்தவர் யார். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு, அந்தச் சான்றிதழ் கொடுக்கும் நவம்பர் வந்தால் இந்தப் பக்கம்தான் முதலில் திறக்கும். ஆனால் தொலைபேசி எண்களை மலருக்குள் போடாமல் தனித் தாளாக அச்சிட்டுச் செருகுங்கள். பிடிஎஃப் எங்கெங்கோ சுற்றும். முழுப் பிறந்த தேதி, முகவரி, வேலை பார்த்த துறை, கைபேசி எண் நான்கும் ஒரே பக்கத்தில் இருந்தால், 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டிப் பணம் பறிப்பவனுக்கு வேறென்ன வேண்டும்? சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அந்தத் தாளின் தலையில் பெரிதாகப் போடுங்கள்.

மறைந்தவர்களைக் கடைசியில் ஒரு கறுப்புக் கட்டத்துக்குள் மொத்தமாகப் போடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்களுக்கும் வரிசை எண் இருக்கிறது, அந்த இடத்திலேயே ஒரு முழுப் பக்கம் கொடுங்கள். மனைவியோ கணவரோ பிள்ளையோ அதே கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். விடுதியில் கூட இருந்தவர் இரண்டு வரி எழுதட்டும். ஒருவர் இறந்துவிட்டார் என்று அச்சிடும் முன் குடும்பத்தாரிடம் நேரடியாக உறுதி செய்யுங்கள். 'யாரோ சொன்னார்கள்' என்பது போதாது. பெயர் குழப்பத்தில் உயிரோடு இருப்பவரை அந்தப் பக்கத்தில் போட்டுவிட்டால் திருத்தச் சீட்டு ஒட்டி மாளாது.

எவ்வளவு தேடினாலும் நான்கைந்து பேர் கிடைக்க மாட்டார்கள். அந்தப் பக்கங்களை நீக்கிவிடாதீர்கள். வரிசை எண், பெயர், குரூப் போட்டோவிலிருந்து எடுத்த அந்தச் சின்ன முகம், ஆட்டோகிராப் நோட்டில் எழுதிய ஊர்ப் பெயர், இவ்வளவும் போட்டு மீதியை வெறுமையாக விடுங்கள். பக்கத்தின் அடியில், விதிவிலக்காக, தொகுப்பாளர் ஒருவருடைய கைபேசி எண். மலர் எழுபத்தைந்து வீட்டுக்காவது போகிறது, ஒவ்வொரு வீட்டிலும் நான்கு பேர் புரட்டுவார்கள். "இவர் எங்க பெரியப்பா வீட்டு எதிர்வீட்டுக்காரர் ஆச்சே" என்று ஒரு மருமகள் சொல்லக்கூடும். அந்த எண்ணை இரவிலும் அணைக்காமல் வைத்திருக்கக்கூடியவராகப் பார்த்துப் போடுங்கள். பிரதிகள் பத்து கூடுதலாக அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.