பகலில் வராத உறக்கமும் மாத்திரையும்

நேயர்களுக்கு வணக்கம். மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் இரவு வேலை பார்க்கும் ஒருவர், சென்ற மாதம் சட்டைப்பையிலிருந்து கத்தரித்த மாத்திரை அட்டைத் துண்டு ஒன்றை எடுத்து என் மேசைமீது வைத்தார். இரண்டே மாத்திரைகள்; தேதியும் பெயரின் பாதியும் வெட்டிய பக்கத்தோடு போயிருந்தன. மிஞ்சிய எழுத்துகளைக் கொண்டு அது அல்பிரசோலம் என்று கண்டுகொண்டேன். பதற்றத்துக்குத் தரும் மருந்து அது. கட்டுப்பாட்டோடு விற்கவேண்டிய மருந்துகளின் எச்1 பட்டியலில் இருப்பதால் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும். பகல் உறக்கத்துக்காக இவர் வாங்கியபோது கடையில் சீட்டே கேட்கவில்லையாம்.

“காலையில ஏழு மணிக்குப் படுத்தா பத்து மணிக்கே முழிப்புத் தட்டிருது, சார்” என்றார். தட்டத்தான் செய்யும். இருட்டியதும் மூளையில் சுரக்கும் மெலடோனின் வெளிச்சம் பட்டதும் அடங்கிவிடுகிறது; அந்த நேரத்தில் போடும் மாத்திரை விழிப்பை அமுக்குமே தவிர, உடலின் கடிகாரத்தைத் திருப்பி வைக்காது.

எனக்குப் பெரிய கவலை அடுத்த இரவைப் பற்றியது. அல்பிரசோலத்தின் இனத்தைச் சேர்ந்த டயசிபாம் போன்ற மருந்தில் பாதி உடலை விட்டு நீங்கவே ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். சீக்கிரம் நீங்கிவிடும் சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரைக்கே, மறுநாள் காலை வண்டி ஓட்டுவது பாதிக்கப்படுகிறது என்று, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2013இல் பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. ஐஸ் நொறுக்கும் இயந்திரத்தின் முன் நிற்பவருக்கும், பாம்பன் பக்கம் இருட்டில் விசைப்படகு ஓட்டுபவருக்கும் அந்த மிச்ச மயக்கம் எவ்வளவு ஆபத்து என்று கடற்கரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரையோடு மதுவும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப் போகலாம்.

மாத்திரையே கூடாது என்பதல்ல என் கருத்து. சில நாள்களுக்கு, குறைந்த அளவில், மருத்துவர் பார்த்துத் தருவது வேறு. மாதக்கணக்கில் போட்டவர்கள் தாமாகத் திடீரென நிறுத்துவதும் தவறு. உறக்கம் முன்னிலும் கெடும், சிலருக்கு வலிப்பே வரும்.

அவருக்கு நான் முதலில் சொன்னது வேறு: விடியற்காலை நான்கு மணித் தேநீரை இரவு ஒரு மணிக்கு முன்பே குடித்துவிடுவது, வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி அணிவது, ஜன்னலுக்குக் கெட்டித் துணி போடுவது, லீவு நாளிலும் படுக்கும் நேரத்தை அதிகம் மாற்றாமலிருப்பது. தகரக் கூரைக்குக் கீழே இதெல்லாம் எளிதன்று. தென்னங்கீற்று வேய்ந்த பக்கத்துத் தாழ்வாரத்துக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார். அப்படியும் வாரக்கணக்கில் உறக்கம் பிடிக்காதவர்கள் மருத்துவரைப் பார்க்க வரும்போது, எந்த மாத்திரையானாலும் அட்டையைப் பெயர் தெரியும்படி முழுதாகக் கொண்டுவாருங்கள்.