பென்சில் கோட்டுக்குள் ஓடும் இலத்திரன்கள்

நேயர்களுக்கு வணக்கம். பக்கத்தில் பென்சில் இருந்தால் தாளில் ஒரு கோடு கிழித்துவிட்டுக் கேளுங்கள். நம் நாட்டில் போகலவிலும் கஹட்டகஹவிலும் தோண்டி எடுக்கிற காரீயம் (கிராபைட்) தான் அது, காபன் அணுக்கள் தேன்கூடு போலக் கோத்த தாள்கள் அடுக்கடுக்காக. அதில் ஒரே ஒரு தாள்தான் கிராபீன். 2004இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் கெய்ம், நோவோசெலோவ் என்ற இரு விஞ்ஞானிகள் செலோடேப் ஒட்டி உரித்தே அதைப் பிரித்தார்கள், 2010இல் நோபல் பரிசும் வந்தது. நான் சொல்ல வந்தது அதற்குள் ஓடும் இலத்திரன்களைப் பற்றி.

கிராபீனில் இலத்திரன் விநாடிக்கு சுமார் 10 இலட்சம் மீற்றர் ஓடும், எத்தனை இலத்திரன் இருந்தாலும் அதே வேகம் என்றுதான் முதலில் படிப்போம். ஆனால் இலத்திரன்கள் எல்லாம் மறையேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். அந்தக் கணக்கில் இந்தத் தள்ளல் சேரவில்லை.

சரி, தள்ளினால் என்ன ஆகும்? கோணேசர் நகர்வலம் வரும் இரவில் நம்மூர்த் தெருவில் நெருக்குப்பட்டு நடந்த நமக்கு, வேகம் குறையும் என்றே தோன்றும். கிராபீனில் அது கூடுகிறது, அதுவும் இலத்திரன்கள் குறையக் குறைய! நிறைய இருக்கும்போது ஒன்றின் தள்ளுவிசையை மற்றவை சூழ்ந்து மறைத்துவிடும், எண்ணிக்கை குறைந்தால் மறைக்க ஆளில்லை, விசை தூரத்துக்கும் எட்டும், அதுதான் வேகத்தை ஏற்றிவிடுகிறது. 2011இல், அடியில் எதுவும் படாமல் தொங்கவிட்ட கிராபீனில் அளந்தபோது வேகம் 30 இலட்சம் மீற்றர் வரை போயிருந்தது. அதையே மின்சாரம் கடத்தாத ஒரு காவலித் தட்டின்மேல் வைத்தால், தட்டும் விசையைக் கொஞ்சம் மறைப்பதால் அந்த ஏற்றம் குறைந்துவிடும்.

அப்புறம், இரண்டு நுளம்பு வலைகளை ஒன்றின்மேல் ஒன்று போட்டு லேசாகத் திருப்பிப் பாருங்கள், கண்ணிகளைவிடப் பெரிதாக ஒரு கோலம் தெரியும். இரண்டு கிராபீன் தாள்களை சுமார் 1.1 பாகை திருப்பி வைத்தாலும் அப்படித்தான், அந்தக் கோலத்துக்குள் இலத்திரன்கள் ஊர்ந்துதான் போகும். ஓட்டம் அடங்கிவிட்டால் தள்ளுவிசை வைத்ததே சட்டம். 2018இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பாப்லோ ஹரீயோ-எரேரோவின் குழு கண்டது இது: இலத்திரன் எண்ணிக்கை ஓர் அளவில் இருக்கும்போது அது காவலி, அதிலிருந்து கொஞ்சம் கூட்டினாலோ குறைத்தாலோ மீகடத்தி, மின்தடையே கிடையாது, ஆனால் 1.7 கெல்வின் (கிட்டத்தட்ட -271 பாகை செல்சியஸ்) அளவுக்குக் குளிர வைக்க வேண்டும். வேறு எந்தத் தனிமமும் கலக்கவில்லை, வெறும் காபன்தான்.

மீகடத்தியில் இலத்திரன்கள் சோடி சோடியாகத்தான் ஓடும். தள்ளிக்கொண்டே இருக்கும் இலத்திரன்கள் அங்கே எப்படிச் சோடி சேருகின்றன என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அது பற்றி என்ன வந்தாலும் தேடிப் பிடித்து வாசித்துக்கொண்டிருக்கிறேன்.