குழந்தையைத் தடுத்து வைக்கும் சட்டத்தில் எதை மாற்றக் கேட்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

ஆஸ்திரேலியக் குடிவரவுச் சட்டத்தில் 4ஏஏ என்று ஒரு பிரிவு உண்டு. 2005இல் சேர்த்தது. வேறு எந்த வழியும் இல்லாதபோதுதான் பதினெட்டு வயதுக்குட்பட்டவரைத் தடுத்து வைக்கலாம் என்பதை நாடாளுமன்றம் ஒரு கொள்கையாக உறுதிசெய்கிறது என்று அது சொல்கிறது. அந்த ஆண்டு ஜூலை முடிவதற்குள் குழந்தைகளும் குடும்பங்களும் தடுப்பு முகாம்களை விட்டு வெளியே வந்தார்கள். பிறகு என்ன ஆயிற்று? 2013 ஜூலையில் 1,992 குழந்தைகள் தடுப்பில் இருந்தார்கள். இடையில் 4ஏஏ பிரிவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

காரணம் மற்றப் பிரிவுகளில் இருக்கிறது. விசா இல்லாதவரை அதிகாரி தடுத்து வைத்தே ஆக வேண்டும் என்கிறது 189ஆம் பிரிவு. அதில் வயது வரம்பு இல்லை. விசா கிடைக்கும் வரை, அல்லது நாட்டைவிட்டு அனுப்பும் வரை உள்ளேயே இருக்க வேண்டும் என்கிறது 196. அதில் நாள் கணக்கு இல்லை. இந்தக் குழந்தை உள்ளே இருக்கத்தான் வேண்டுமா என்று தானாகவே விசாரிக்கிற நீதிபதி எந்தக் கட்டத்திலும் இல்லை. இவற்றுக்குப் பக்கத்தில் 4ஏஏ வெறும் கொள்கை அறிவிப்புதான். அதை மீறினால் என்ன என்று சட்டம் சொல்லவே இல்லை.

வெளியே வர இரண்டு வழிகள் உண்டு. 195ஏ பிரிவின் கீழ் அமைச்சர் விசா கொடுக்கலாம். 197ஏபி பிரிவின் கீழ், குடும்பம் ஊருக்குள் ஒரு வீட்டில் காவலாளி இல்லாமல் வசிக்க அனுமதிக்கலாம். இரண்டுமே அமைச்சர் நேரடியாகப் பயன்படுத்த வேண்டிய அதிகாரங்கள். மனுவைப் பரிசீலிக்கும்படிகூட அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. இரண்டு ஆண்டு ஆன பிறகு ஒம்புட்ஸ்மன், அதாவது அரசுத் துறைகள் மீதான முறையீடுகளை விசாரிப்பவர், அறிக்கை எழுதுவார், ஆனால் அவருடைய பரிந்துரைக்கும் கட்டுப்படுத்தும் வலு கிடையாது. ஒரு வயதில் உள்ளே போன பிள்ளைக்கு அந்த இரண்டு ஆண்டு என்பது பேசப் பழகி, ஓடப் பழகிய காலம் முழுவதும்.

துணையின்றி வரும் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களுக்குப் பாதுகாவலர் குடிவரவு அமைச்சர். தடுத்து வைக்கும் துறையும் அவருடையதே. பிள்ளையின் சார்பில் யார் யாரிடம் முறையிடுவது?

உடலும் மனமும் என்ன ஆகின்றன என்பதை மனித உரிமை ஆணையம் 2014இல் விசாரித்தது. 1,129 குழந்தைகளையும் பெற்றோரையும் நேரில் கேட்டார்கள். மருத்துவமனையில் மனநலச் சிகிச்சைக்கு வந்துபோகும் பிள்ளைகளுக்கு இணையான பாதிப்பு 34 விழுக்காட்டுக் குழந்தைகளிடம் தெரிந்தது. வெளியே வாழும் ஆஸ்திரேலியப் பிள்ளைகளிடம் அது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. பதினைந்து மாதங்களில் குழந்தைகள் தங்களையே காயப்படுத்திக்கொண்ட சம்பவங்கள் 128. 2016 பிப்ரவரியில் பிரிஸ்பேன் குழந்தைகள் மருத்துவமனை மருத்துவர்கள், ஆஸ்திரேலியா தஞ்சம் கோரியவர்களை அனுப்பி வைத்த நவுறு தீவிலிருந்து வந்த ஒரு கைக்குழந்தையைத் தகுந்த வீடு கிடைக்கும்வரை அனுப்ப மாட்டோம் என்று நின்றார்கள். நோயை உண்டாக்கிய இடத்துக்கே திருப்பி அனுப்புவது சிகிச்சை ஆகாது என்பதே அவர்களுடைய நிலைப்பாடு. எனக்கும் அதில் ஐயமில்லை.

செலவு என்றால், 2014இல் அரசே அமைத்த தணிக்கை ஆணையத்தின் கணக்கைப் பாருங்கள். ஒருவரை ஓராண்டு நாட்டுக்குள் முகாமில் வைக்க 2,39,000 டாலர். பிரிட்ஜிங் விசா என்னும் தற்காலிக விசாவில் வெளியே வாழவிட்டால் சுமார் 40,000.

குவீன்ஸ்லாந்தின் பிலோவீலா ஊரில் வாழ்ந்த, தஞ்சம் கோரிய தமிழ்க் குடும்பத்தை நாம் எல்லோரும் அறிவோம். 2018 மார்ச்சில் விடியற்காலையில் அதிகாரிகள் அவர்களைத் தடுப்புக்குக் கொண்டுபோனார்கள். இளைய மகளுக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை. இரு பிள்ளைகளும் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர்கள், ஆனாலும் குடியுரிமை இல்லை. 1986 ஆகஸ்டுக்குப் பிறகு இங்கே பிறந்ததால் மட்டும் குடியுரிமை வராது, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தர வதிவிடம் உள்ளவராகவோ இருக்க வேண்டும். படகில் வந்தவர்களின் பிள்ளை என்பதால், அமைச்சர் தடையை விலக்கினால் ஒழிய அவர்களால் விசா விண்ணப்பமும் போட முடியாது. 2019 ஆகஸ்டில் நாடுகடத்தும் விமானம் டார்வின் வரை போய் நீதிமன்றத் தடையால் நின்றது. பிறகு கிறிஸ்மஸ் தீவிலுள்ள தடுப்பு முகாம். 2021 ஜூனில் இளைய மகள் இரத்தத்தில் தொற்றோடு பேர்த் மருத்துவமனைக்கு வந்தாள். 2022 ஜூனில்தான் பிலோவீலாவுக்குத் திரும்பினார்கள்.

அவர்களை இங்கே நிறுத்தி வைத்த வாதம் எது என்பதைக் கவனியுங்கள். பெற்றோரின் கோரிக்கைகள் தோற்றுவிட்டன. இளைய மகளின் பெயரில் நடந்த பரிசீலனையில் முறை பிறழ்ந்தது என்று 2020 ஏப்ரலில் நீதிபதி சொன்னார், 2021இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. ஆகவே ஒரு குடும்பத்துக்கு உதவப் போகிறவர்கள் வழக்கறிஞரிடம் முதலில் கேட்க வேண்டியது: ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கோரிக்கை பதிவாகியிருக்கிறதா? பெற்றோர் கோப்புக்குள் ஒரு பெயராக மட்டும் பிள்ளை இருந்தால், அந்தக் கோப்பு மூடும்போது பிள்ளையின் கதவும் சேர்ந்து மூடிவிடும்.

இன்னொன்று, 256ஆம் பிரிவு. விசா விண்ணப்பப் படிவமும் வழக்கறிஞரைத் தொடர்புகொள்ளும் வசதியும் கேட்டால்தான் தருவார்கள். உங்களுக்கு இந்த உரிமை உண்டு என்று அதிகாரி தாமாகச் சொல்ல வேண்டியதில்லை. எழுத்தில் கேளுங்கள், தேதியும் நேரமும் போட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். விசா காலாவதியாகிப் பிடிபட்டவர்களுக்கு, விண்ணப்பக் காலக்கெடுவை அதிகாரி தெரிவித்த பிறகு விண்ணப்பிக்க இரண்டு வேலை நாட்கள்தான். விண்ணப்பிக்கப் போகிறேன் என்று அதற்குள் எழுதிக் கொடுத்தால் மேலும் ஐந்து வேலை நாட்கள் கிடைக்கும். விசா மறுப்பை எதிர்த்து நீதிமன்றம் போக 35 நாள். வெள்ளிக்கிழமை பிடித்தால், திங்கட்கிழமை யாரையாவது கேட்கலாம் என்று இருந்துவிடக் கூடாது.

அமைச்சருக்கு மனு எழுதும்போது மனம் உருக எழுதினால் மட்டும் போதாது. பிள்ளையின் எடை, தூக்கம், பேச்சு எப்படி மாறின என்று மருத்துவர் தேதியிட்டு எழுதிய கடிதம், பள்ளியின் கடிதம், குடும்பம் தங்கப் போகும் முகவரி, செலவை ஏற்பவரின் ஒப்புதல், இவை நான்கும் வேண்டும்.

இப்போது தடுப்பு நிலையங்களில் குழந்தைகளின் எண்ணிக்கை மிகவும் குறைவு, பிறகு ஏன் இந்தப் பேச்சு என்று சிலர் கேட்பார்கள். 2005இலும் முகாம்கள் குழந்தைகள் இல்லாமல்தான் இருந்தன. அவசரம் இல்லாத காலத்தில்தான் சட்டத்தைத் திருத்த முடியும். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதும்போது மூன்றைக் கேளுங்கள்: 189ஆம் பிரிவிலிருந்து பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கும் அவர்களைப் பராமரிக்கும் பெற்றோருக்கும் விலக்கு; அடையாளமோ உடல்நலமோ சோதிக்க நிறுத்தி வைத்தால் அதற்கு நாள் வரம்பும் நீதிபதியின் மேற்பார்வையும்; துணையற்ற பிள்ளைகளுக்கு அமைச்சர் அல்லாத ஒரு பாதுகாவலர். பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, ஆம் அல்லது இல்லை என்று பதில் எழுதக் கேளுங்கள். அலுவலகத்திலிருந்து பொதுவான ஒரு பதில் வந்தால், அதே கேள்வியோடு மறுபடி எழுதுங்கள்.

நன்றி, வணக்கம்.