இன்றைக்கு வேண்டிய பெலன்

(மட்டக்களப்பு, கல்லடியில் ஒரு மாலை ஜெபக் கூட்டத்தில் பேசியது. கேட்டவர்கள் சிலர் விரும்பியதால் எழுத்தில் தருகிறேன்.)

ஆண்டவருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கல்லடிப் பாலத்தடியில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், பின் கண்ணாடியில் வேதவசனம் ஒட்டிய ஓட்டோ ஒன்றாவது கடந்து போகும். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." பிலிப்பியர் 4:13. உயர்தரப் பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் தலையில் கை வைத்து இதைத்தான் சொல்லுகிறோம். ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோகும்போதும் இதுதான் வாயில் வருகிறது. சொல்ல வேண்டிய வசனம்தான். ஆனால் பவுல் இதை எங்கே இருந்து எழுதினார், இதற்கு முன்னும் பின்னும் என்ன எழுதினார் என்று இன்றைக்குக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அப்படிப் பார்க்கும்போது இது பரீட்சையில் பாஸ் பண்ணுவதைவிடப் பெரிய ஒன்றைப் பேசுகிறது என்று தெரியும்.

எழுதுகிறவர் காவலில் இருக்கிறார். வழக்கு எப்படி முடியும், விடுதலையா மரணமா என்று அவருக்கே தெரியாது. அதை முதலாம் அதிகாரத்தில் ஒளிக்காமல் எழுதுகிறார். நாலாம் அதிகாரத்தில், இந்த வசனத்துக்குச் சற்று முன்னால், தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் பழகியிருக்கிறேன் என்கிறார். அதற்குப் பிறகுதான் எனக்குப் பெலனுண்டு என்று வருகிறது. ஆக, அவர் சொல்லுகிற பெலன் முதலில் பட்டினியிலும் ஆளை விழுந்துபோக விடாத பெலன். வீட்டில் அரிசி இல்லாத நாளில் பிள்ளையின் மேல் எரிந்து விழாமல் இருக்கிற தாய்க்குக் கிடைக்கிற பெலன். அந்தப் பெலனைக் கேட்டு ஜெபிக்க நமக்கு வெட்கம் வேண்டியதில்லை.

அப்புறம், பிலிப்பி என்ற ஊருக்குப் பவுல் எப்படிப் போய்ச் சேர்ந்தார்? அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தை வீட்டில் போய் வாசியுங்கள். பவுலும் கூட இருந்தவர்களும் ஆசியா என்ற மாகாணத்தில் வசனத்தைச் சொல்லப் பார்த்தார்கள். பரிசுத்த ஆவியானவர் தடுத்தார். பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார்கள், அதற்கும் விடவில்லை. ஏன் என்று ஒரு விளக்கமும் அங்கே எழுதப்படவில்லை. இரண்டு பக்கமும் அடைபட்டு, துரோவா என்ற கடற்கரைப் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கேதான் இரவில் அந்தத் தரிசனம்: மக்கெதோனியா நாட்டு மனுஷன் ஒருவன் நின்று, எங்களுக்கு உதவி செய்ய வா என்று கூப்பிடுகிறான். உடனே புறப்பட்டார்கள்.

போன இடத்தில் என்ன நடந்தது? கூப்பிட்ட மனுஷனைப் பற்றிப் பிறகு பேச்சே இல்லை. ஆற்றங்கரையில் ஜெபிக்க வந்த பெண்களோடு உட்கார்ந்து பேசினார்கள். இரத்தாம்பரம் விற்கிற லீதியாள் என்ற அம்மா விசுவாசித்தாள். கொஞ்ச நாளில் பவுலையும் சீலாவையும் அடித்து, உட்காவல் அறையில் போட்டு, காலைத் தொழுமரத்தில் மாட்டினார்கள். கடவுள் நடத்தின வழியில்தான் இத்தனையும் நடந்தது. இதை நான் அழுத்திச் சொல்லுகிறேன், ஏனென்றால் நம்மிடையே ஒரு எண்ணம் வேரோடிப் போயிருக்கிறது: கடவுளின் சித்தம் என்றால் எல்லாம் தடையில்லாமல் நடக்கும், தடை வந்தால் அது கடவுளின் சித்தமில்லை. அப்படியென்றால் பிலிப்பிச் சிறையில் அன்று நள்ளிரவில் பாடின இரண்டு பேரும் வழி தவறி வந்தவர்கள் என்று ஆகிவிடும். அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த மற்றக் கைதிகளை நினைத்துப் பாருங்கள். அன்றிரவே விசுவாசித்த சிறைச்சாலைக்காரனின் வீட்டாரை நினைத்துப் பாருங்கள். தொழுமரம் இல்லாமல் அவர்களிடம் யார் போயிருப்பார்?

நம்முடைய ஊர்ச் சரித்திரத்திலும் இப்படி ஒன்று இருக்கிறது. புளியந்தீவில் மெதடிஸ்த மத்திய கல்லூரிக்குப் பக்கத்தால் போகிறவர்களுக்கு, அதைத் தொடங்கின வில்லியம் ஓல்ட் என்ற மிஷனரியின் பெயர் தெரியும். 1813ஆம் ஆண்டு முடிகிற வேளையில் இங்கிலாந்திலிருந்து ஒரு சிறு கூட்டம் மெதடிஸ்த மிஷனரிமார் கப்பலேறினார்கள். கூட்டிக்கொண்டு வந்தவர் தோமஸ் கோக் என்ற முதியவர். இந்தப் பயணம் அவருடைய நெடுநாள் ஆசை. வழியிலே ஓல்டின் மனைவி இறந்துபோனார். பிறகு 1814 மே மாதம் 3ஆம் திகதி காலையில் கோக் தன் அறையில் இறந்து கிடந்தார். நடுக்கடலில் அடக்கம் பண்ணினார்கள். தலைவர் இல்லை. எல்லா ஏற்பாடும் அவர் கையில்தான் இருந்தது. மிச்சம் இருந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். பம்பாயில் இறங்கி, அங்கே அறிமுகமில்லாதவர்களின் தயவில் தங்கி, 1814 ஜூன் 29இல் காலிக்கு வந்தார்கள். அங்கிருந்து ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தார்கள். மட்டக்களப்புக்கு ஓல்ட் தனியாக வந்தார். அடுத்த வருஷமே, 1815இல், இங்கே இறந்துபோனார். ஒரு வருஷம்கூட முழுதாக இருக்கவில்லை.

நடந்ததை அந்த நாளில் யாராவது கணக்குப் போட்டிருந்தால், இந்தப் பயணத்தில் கடவுள் இருந்தார் என்று சொல்லியிருப்பார்களா? அந்தக் கல்லூரி இன்றும் தன் வயதை 1814இலிருந்துதான் எண்ணுகிறது. இரண்டு நூற்றாண்டாக எந்தச் சமயத்துப் பிள்ளையும் அங்கே படிக்கிறது. ஓல்ட் அதில் எதையும் காணவில்லை. அவருக்குக் கிடைத்தது ஒவ்வொரு நாளும் எழும்பி அன்றைய வேலையைச் செய்யப் போதுமான பெலன் மட்டும்.

வனாந்தரத்தில் இஸ்ரவேல் சனங்களுக்கு வானத்திலிருந்து மன்னா என்ற ஆகாரம் விழுந்ததும் அந்தக் கணக்கில்தான். ஆளுக்கு ஒரு ஓமர் அளவு, அன்றைக்கு மட்டும். நாளைக்கும் இருக்கட்டும் என்று சிலர் எடுத்துவைத்தது புழுப் பிடித்து நாறிப்போனது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரண்டு மடங்கு. கர்த்தர் கற்பித்த ஜெபத்திலும் ஆகாரத்தை இன்று தாரும் என்றுதான் கேட்கிறோம். நமக்கோ ஐந்து வருஷத்துப் பெலன் இப்போதே கையில் வேண்டும், பத்து வருஷத்து வழி இன்றிரவே தெரிய வேண்டும். தெரியாததால் தூக்கம் வருவதில்லை.

தூக்கம் என்று சொன்னதும் எலியா ஞாபகம் வருகிறார். இந்தக் கூட்டத்தில் இருக்கிற பலர் அவருடைய நிலைமையில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி. அதைக் கேள்விப்பட்டதும் ராணி யேசபேலின் மிரட்டல். எலியா ஓடிப்போய் வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். சாக வேண்டும் என்று ஜெபிக்கிற தீர்க்கதரிசி. கடவுள் அவரைக் கண்டிக்கவில்லை. விசுவாசம் குறைந்துவிட்டது என்று சொல்லவில்லை. தூங்க விட்டார். தேவதூதன் தட்டி எழுப்பினபோது தலைமாட்டில் தழலில் சுட்ட அடை ஒன்றும், ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தது. சாப்பிட்டார், குடித்தார், திரும்பப் படுத்துவிட்டார். இரண்டாம் தரமும் தூதன் வந்தான். "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்." அந்தச் சாப்பாட்டின் பெலத்தில் நாற்பது நாள் நடந்தார் என்று 1 இராஜாக்கள் 19 சொல்லுகிறது.

சூடான அடை, தண்ணீர், தூக்கம். கடவுளின் பெலன் அந்த மனுஷனிடம் இப்படித்தான் வந்தது. கிழமைக்கடன் எடுத்து, கட்ட முடியாமல், கடன்காரர் வருகிற நாளில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிற தங்கச்சிமார் இந்தப் பகுதியில் எத்தனை பேர்! ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும் என்பதால், கூடப் பிறந்தவர்போல் இருந்தவர்களே முகம் பார்ப்பதில்லை. போதும் ஆண்டவரே என்று அவர்களும் சொல்லியிருப்பார்கள். அப்படிப்பட்ட ஒருத்தியிடம் போய், இன்னும் கொஞ்சம் ஜெபி, விசுவாசத்தைக் கூட்டு என்று சொல்லிவிட்டு வருவது போதாது. அவள் சாப்பிட்டாளா என்று கேட்க வேண்டும். கடன் கொப்பியைக் கையில் வாங்கி, எவ்வளவு கட்டியாயிற்று, எவ்வளவு மிச்சம், வட்டி எவ்வளவு என்று கணக்குத் தெரிந்த ஒருவர் கூட இருந்து பார்க்க வேண்டும். அதுவும் ஊழியம்தான். மனம் மிகவும் சோர்ந்து, சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் மனநல டொக்டரைக் காண்பதும் விசுவாசக் குறைவு ஆகாது. எலியாவுக்கு அடை சுட்டுக் கொடுத்த கடவுள் டொக்டரின் கையையும் பயன்படுத்துவார்.

நம்முடைய ஊரில் செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அயலில் உள்ளவர்கள் சோறும் கறியும் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். சைவ வீடு, வேதக்கார வீடு என்று பார்ப்பதில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் நாவலடியையும் கல்லடியையும் கல்லாறையும் வாரிக்கொண்டு போனபோது, உயிர் தப்பி ஓடி வந்தவர்களுக்குப் பள்ளிக்கூடங்களும் கோயில்களும் பள்ளிவாசல்களும் திறந்திருந்தன. அங்கே முதலில் கையில் கொடுக்கப்பட்டது தண்ணீரும் சாப்பாடும். அந்த நாட்களை நினைக்கும்போது எனக்கு 1 இராஜாக்கள் 19தான் மனதில் வரும்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கடல் வந்த நாளைப் பற்றிச் சாட்சி சொல்லுகிறவர்கள், கர்த்தர் என்னை நேசித்தபடியால் காப்பாற்றினார் என்கிறார்கள். அவர்களுடைய நன்றி உண்மையான நன்றி. ஆனால் அதே வாங்கில் இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த தாயும் இருக்கிறாள். அவளுடைய பிள்ளைகளைக் கர்த்தர் நேசிக்கவில்லையா? 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, நம்முடைய ஊர்ச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து இறந்தவர்களில் பலர் சிறுபிள்ளைகள். ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள். அவர்களைவிட நம்மைக் கடவுள் அதிகமாய்ப் பார்த்துக்கொண்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் கும்பிடுகிற ஆண்டவர் சிலுவையில் அறையப்பட்டவர். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று அவரும் கேட்டவர். ஆகவே அந்தத் தாய் ஏன் என்று கேட்கும்போது நாம் அவசரப்பட்டுப் பதில் சொல்லக்கூடாது. நன்றி சொல்லுவோம், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லுவோம்.

சரி, நாளாந்தம் முடிவு எடுக்கிற விஷயத்துக்கு வருகிறேன். இளம் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள்: கட்டாருக்குப் போகவா, இங்கேயே இருக்கவா? இந்தச் சம்பந்தம் கடவுளின் சித்தமா? கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை விசாவுக்கு விடையாக எடுப்பதை நான் ஏற்கமாட்டேன். யாரோ ஒருவர் மேடையில் நின்று தரிசனம் சொன்னார் என்று காணியை ஈடுவைத்து ஏஜென்சிக்குக் காசு கட்டுவதையும் ஏற்கமாட்டேன். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று சொன்னவர் இயேசுதான். உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். அந்த வேலைக்குப் போய் வந்தவர்களிடம் விசாரியுங்கள். நீங்கள் போனால் அம்மாவை யார் பார்ப்பார், பிள்ளையை யார் பள்ளிக்கூடம் அனுப்புவார் என்று வீட்டில் பேசுங்கள். பாவத்துக்கு நடத்துகிற வழி என்றால் அதற்கு ஜெபமே தேவையில்லை, விட்டுவிடுங்கள். இரண்டும் நல்ல வழி என்றால் ஜெபித்துவிட்டு ஒன்றைத் தெரிந்துகொண்டு நடங்கள். பயந்து பயந்து நிற்க வேண்டாம். பித்தினியாப் பக்கம் புறப்பட்டவரைத் தடுத்துத் திருப்பத் தெரிந்தவர் உங்களையும் திருப்புவார். நின்றுகொண்டே இருக்கிறவரைத் திருப்பத்தான் வழியில்லை.

சில வேளை ஒன்றுமே நடக்காது. எண்ணாகமம் 9ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலருக்கு வழிகாட்டின மேகம் கூடாரத்தின் மேல் இரண்டு நாள் நிற்கும், ஒரு மாதம் நிற்கும், ஒரு வருஷமும் நிற்கும். அது எழும்பும் வரைக்கும் சனங்கள் அங்கேயே பாளயமிறங்கி இருந்தார்கள். மாடு கறந்திருப்பார்கள், பிள்ளை பெற்றிருப்பார்கள், கிழிந்த கூடாரத்தைத் தைத்திருப்பார்கள். பட்டம் முடித்து வேலைக்குக் காத்திருக்கிற பிள்ளைகளே, அந்தக் காத்திருப்பும் நடத்துதலின் ஒரு பகுதிதான். அந்த நாட்களிலும் செய்ய வேலை இருக்கிறது.

கடைசியாகத் திரும்பவும் பிலிப்பியர் நாலாம் அதிகாரம். பதின்மூன்றாம் வசனத்தை ஒட்டிவைத்த நாம் பதினாலாம் வசனத்தைப் பெரும்பாலும் வாசிப்பதில்லை. "ஆனாலும், நீங்கள் என் உபத்திரவத்தில் என்னுடனே உடன்பட்டது நலமாயிருக்கிறது." எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்று எழுதின கை, மை காயமுன், நீங்கள் அனுப்பின உதவி வந்து சேர்ந்தது, நல்ல காரியம் செய்தீர்கள் என்று எழுதுகிறது. அந்த உதவியைத் தூரம் பாராமல் கொண்டுபோனவர் எப்பாப்பிரோதீத்து. அந்த வேலையில் அவர் சாகக் கிடந்தார் என்று இரண்டாம் அதிகாரம் சொல்லுகிறது. கிறிஸ்து பவுலைப் பெலப்படுத்தினார். அந்தப் பெலத்தின் ஒரு பங்கு பிலிப்பிச் சபையார் கட்டிக் கொடுத்த பொதியில் வந்தது.

ஆகவே ஜெபம் முடிந்ததும் அவசரப்பட்டுப் போகாதீர்கள். வாசலடி மேசையில் ஒரு கொப்பி இருக்கிறது. ஒப்பரேஷன் முடிந்து வீட்டில் இருக்கிற இரண்டு பேருக்கும், கணவன் இறந்து தனியே இருக்கிற ஒரு அக்காவுக்கும் வருகிற கிழமை முழுதும் மத்தியானச் சாப்பாடு கொடுக்க வேண்டும். எந்த நாள் உங்களால் முடியும் என்று பெயரை எழுதுங்கள். கடன் பிரச்சினை உள்ளவர்கள் கொப்பியோடு பின் வாங்குக்கு வாருங்கள். வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா இன்று நம்மோடு வந்திருக்கிறார், உங்களோடு உட்கார்ந்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார். உங்கள் பெயரை யாருக்கும் சொல்லமாட்டோம். இப்போது எல்லோரும் எழுந்து நின்று கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லுவோம்.