கடுகுக்குக் காவல், பூசணிக்குத் திறந்த கதவு

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவரே, நான் எப்போது வாயைத் திறப்பேன் என்று பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும் எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'குடும்பப் பணத்தை அதிகம் கரைப்பது தாராளச் செலவா, தப்புக்கணக்குச் சிக்கனமா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி தாராளச் செலவுதான் என்று அடித்துப் பேசினார். செல்போனில் கண்டதையெல்லாம் வாங்கிக் குவிக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் கதையைச் சொன்னார். சிறு துளி பெருவெள்ளம் என்றார். கடைசியில், 'வரவு செலவு எழுதும் வீட்டுக் கதவைக் கடன்காரன் தட்டமாட்டான்' என்று முடித்தார். நல்ல கைத்தட்டல். நானும் தட்டினேன் ஐயா, இல்லை என்று சொல்லவில்லை. ஏனென்றால் அந்த வரவு செலவு எழுதும் வீடு எங்கள் வீடு. 14 ஆண்டுகளாக எழுதுகிறேன். கடன்காரன் கதவைத் தட்டவில்லை என்பதும் உண்மைதான். அவன் ஏற்கெனவே உள்ளே இருந்தான், அதனால் தட்டவேண்டிய அவசியம் வரவில்லை.

அந்த நோட்டையே கொண்டுவந்திருக்கிறேன். நடுவர் பயப்பட வேண்டாம், முழுக்க வாசிக்கமாட்டேன். ஒரு பக்கம் மட்டும்.

இந்தப் பக்கத்தில் 'மருத்துவம்' என்ற வரியில் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் 'தள்ளிவைத்தது' என்று எழுதியிருக்கிறேன். அதற்கு எதிரே மிச்சம் என்று போட்டு, சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம். அவ்வளவு பெருமை எனக்கு! என்ன தள்ளிவைத்தேன் தெரியுமா? கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு சொத்தை. மருத்துவர் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, 'சின்னதுதான், ஒரே தடவையில் சுரண்டி அடைத்துவிடலாம்' என்றார். வலிக்கவில்லையே, வலிக்காத பல்லுக்கு எதற்குச் செலவு என்று எழுந்து வந்துவிட்டேன். நாலு மாதம் கழித்து நோட்டில் மாத்திரை என்று ஒரு வரி வருகிறது. அடுத்த மாதமும் மாத்திரை. அதற்கடுத்த மாதம் மாத்திரை இரண்டு முறை. பிறகு ஒரு நாள் ராத்திரி கன்னம் வீங்கி, விடிந்ததும் விடியாததுமாக ஓடினேன். சொத்தை பல்லின் நரம்புக்கூழ் வரைக்கும் போய்விட்டதாம். ரூட் கெனால், நாலு தடவை உட்கார வேண்டும், அப்புறம் மேலே ஒரு கேப். அடைத்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவைப் போலப் பல மடங்கு. மாத்திரைக்குக் கொடுத்ததையும் விடுப்புப் போட்ட நாட்களையும் நான் இன்னும் கூட்டவே இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கையில் காசே இல்லாமல் பல்வலியைப் பொறுத்துக்கொள்பவரை நான் குறை சொல்லவில்லை. அது வறுமை, அதற்கு இந்த மேடையில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. நான் பேசுவது, பணத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பற்றி.

நடுவர் அவர்களே, எதிரணி சொல்லும் ஊதாரிக்கும் எனக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஊதாரிக்குத் தான் செலவு செய்வது தெரியும். மாதக் கடைசியில் கையைப் பிசைவான், வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்வான், 'இனிமேல் குறைக்கணும்' என்று ஒரு நாளாவது சொல்வான். தப்புக்கணக்குச் சிக்கனக்காரர் அதைச் சொல்லவே மாட்டார். அவர்தான் மிச்சம் பிடித்துக்கொண்டிருக்கிறாரே! தன் மேல் சந்தேகம் வந்தால்தானே திருத்த முடியும்? சிவப்பு வட்டம் போட்ட பக்கத்தை யார் திரும்பப் படிப்பார்கள்?

தம்பி சொன்ன கடனுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் ஒரு வருஷம் மேல்தளம் ஒழுகிப் பெரிய செலவு வந்தது. அதே அளவு பணம் வங்கிச் சேமிப்புக் கணக்கில் இருந்தது. ஆனால் 'சேமிப்பைத் தொடக் கூடாது' என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சட்டத்தை இயற்றியது நான்தான். அதனால் கிரெடிட் கார்டைத் தேய்த்தேன். மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை நாள் தவறாமல் கட்டினேன். தாமதக் கட்டணம் ஒரு தடவைகூட இல்லை! அதற்கும் ஒரு சிவப்பு வட்டம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மாதம் 3 சதவீத வட்டி, நிலுவையில் 5 சதவீதம் குறைந்தபட்சத் தொகை என்று வைத்துக்கொள்வோம். அதன்பின் கார்டில் புதிதாக எதுவுமே வாங்கவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். 100 கடன் 50 ஆக எத்தனை மாதம் ஆகும்? 32 மாதம். சரி, அந்த 32 மாதத்தில் நாம் கட்டியிருப்பது எவ்வளவு? ஏறக்குறைய 120. வாங்கியது 100, கட்டியது 120, பாக்கி 50. அதே நேரத்தில் தொடக் கூடாத அந்தச் சேமிப்பு ஆண்டுக்கு 4 சதவீதம் சம்பாதித்துக்கொண்டு சாமி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கார்டுக்காரனுக்கோ நான் ஆண்டுக்கு 36 சதவீதத்துக்கும் மேல் படியளக்கிறேன். இதை ஊதாரி செய்யமாட்டான் தம்பி. ஊதாரியிடம் சேமிப்பே இருக்காது!

பணத்துக்கு மனசுக்குள் தனித்தனிப் பெட்டி செய்து, ஒரு பெட்டிப் பணம் இன்னொன்றுக்கு உதவக் கூடாது என்று பூட்டி வைக்கும் இந்தப் பழக்கத்தை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ரிச்சர்ட் தேலர். 2017-இல் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதே பழக்கத்துக்காக எனக்குக் கிடைத்தது வட்டி.

'அவசரத்துக்குக் கையில் ஒன்றும் இல்லாமல் போகலாமா?' என்று எதிரணித் தலைவர் முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. நியாயமான கேள்வி ஐயா. கொஞ்சம் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கூரை ஒழுகி, நடுக்கூடத்தில் வாளி வைத்த பிறகும் அவசரம் வரட்டும் என்று காத்திருந்தவள் நான். அதைவிடப் பெரிய அவசரத்துக்கு என் வீட்டில் எங்கே இடம்?

அடுத்தது வீட்டுக் கடன். யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். எவ்வளவு தின்னும் என்று யாராவது அளந்து பார்த்திருக்கிறோமா? கடன் வாங்கப் போனால் சிக்கனக் குடும்பம் கேட்கும் முதல் கேள்வி, 'மாதத் தவணை எவ்வளவு?' பட்ஜெட் நோட்டில் அந்த ஒரு வரிக்குத்தானே இடம் இருக்கிறது. 20 ஆண்டுத் தவணை கொஞ்சம் இடிக்கிறது, 30 ஆண்டு என்றால் குறைகிறது, சரி, 30 போடுங்கள் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து இனிப்பு வாங்குகிறோம். 9 சதவீத வட்டி என்றால் தவணை குறைவது பத்தில் ஒரு பங்கு சொச்சம். அதற்குக் கொடுக்கும் விலை? 20 ஆண்டில் 100 கடனுக்கு 116 வட்டி. 30 ஆண்டில் அதே 100-க்கு 190 வட்டி! மாதம் பத்தில் ஒரு பங்கை மிச்சம் பிடிக்கப் போய், வாங்கிய கடனில் முக்கால் பங்கைக் கூடுதல் வட்டியாக அழுகிறோம். தவணையைக் கட்டவே முடியாத நிலைமையில் இருப்பவர் 30 போடுவது வேறு விஷயம். முடிந்தவர்களும் போடுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

இத்தனைக்கும் இதே குடும்பம்தான் காய்கறிக் கடையில் பத்து நிமிடம் பேரம் பேசுகிறது. வீட்டுக் கடன் பத்திரத்தைப் படித்தது எத்தனை நிமிடம்? பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டிய இடத்தில் கையெழுத்து, முடிந்தது கதை. கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்?

வெளிநாட்டிலும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ட்வெர்ஸ்கி, கானமன் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள், 1981-இல் வெளியிட்ட ஆய்வு. 15 டாலர் கால்குலேட்டர் இன்னொரு கடையில் 5 டாலர் குறைவு, ஆனால் 20 நிமிடம் வண்டி ஓட்டிப் போக வேண்டும், போவீர்களா என்று கேட்டார்கள். 68 சதவீதம் பேர் போவோம் என்றார்கள். இன்னொரு கூட்டத்திடம், கால்குலேட்டர் விலை 125 டாலர், அங்கே போனால் அதே 5 டாலர் மிச்சம் என்றார்கள். போகிறேன் என்றவர்கள் 29 சதவீதம். அதே 5 டாலர், அதே 20 நிமிடம்! சின்னப் பொருள் வாங்கும்போது நமக்கு நாலு கண். பொருள் பெரிதாக ஆக ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொள்கிறோம். சிறு துளி பெருவெள்ளம்தான் தம்பி, நான் மறுக்கவில்லை. ஆனால் குழாயில் சொட்டும் துளிக்குக் கிண்ணம் வைத்துவிட்டு, மாடித் தொட்டி நிரம்பி வழிவதைப் பார்க்காமல் விட்டால் என்ன வெள்ளம் வரும்?

தள்ளுபடியைத் தாராளச் செலவின் கணக்கில் எழுதினார் எதிரணித் தம்பி. அது எங்கள் கணக்கு, தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஊதாரிக்கு எதற்குத் தள்ளுபடி? அவன் முழு விலையிலேயே வாங்குவான். 'பாதி விலை', 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்', 'இன்னும் கொஞ்சம் வாங்கினால் டெலிவரிக் கட்டணம் இல்லை' என்ற தூண்டில் எல்லாம் மிச்சம் பிடிக்க அலையும் என்னைப் போன்ற மீனுக்குப் போட்டது. பாதி விலையில் வாங்கினால் பாதி மிச்சம் என்று நோட்டில் எழுதுவேன். வாங்காமல் இருந்தால் முழுசும் மிச்சம் என்று எழுத, பாருங்கள், அந்த நோட்டில் கட்டமே கிடையாது.

காப்பீட்டை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். உயிருக்கு மட்டும் காப்புத் தரும் டேர்ம் பாலிசியில் சின்னப் பிரீமியத்துக்குப் பெரிய தொகை கிடைக்கும். சிக்கனக் குடும்பம் அதை வேண்டாம் என்கிறது. ஏன்? 'ஒன்றும் ஆகாவிட்டால் கட்டிய பணம் போய்விடுமே!' ஒன்றும் ஆகவில்லை என்பதற்காக வருத்தப்படும் ஒரே ஜீவன் நாம்தான். அதனால் பணம் திரும்பி வரும் பாலிசியாகப் பார்த்து, பெரிய பிரீமியம் கட்டி, குடும்பத்துக்கு ஒரு வருஷத்துக்குக்கூடக் காணாத தொகைக்குக் காப்பு எடுக்கிறோம். சம்பாதிப்பவர் திடீரென்று இல்லாமல் போனால் அந்தத் தொகை எத்தனை மாதம் தாங்கும் என்று எந்த நோட்டிலும் வகுத்துப் பார்த்ததில்லை.

அப்புறம், பீரோவில் பூட்டிய பணம். யாருக்கும் கடன் இல்லை, எந்த ஆபத்தும் இல்லை என்று நிம்மதியாகத் தூங்குகிறோம். 72-ஐ விலைவாசி ஏறும் சதவீதத்தால் வகுத்தால், பணத்தின் மதிப்பு பாதியாக எத்தனை ஆண்டு ஆகும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். வட்டிக்கான இந்த 72 கணக்கை 1494-லேயே லூகா பச்சியோலி என்ற இத்தாலியர் எழுதி வைத்துவிட்டார். ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டு. பூட்டு அப்படியே இருக்கும், எண்ணினால் தாளும் குறையாது. உள்ளே பாதிதான் இருக்கும். திருடன் வந்தால்கூட நாய் குரைத்திருக்கும்.

நடுவர் மணி மேல் கை வைத்துவிட்டார். எனக்கு இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது ஐயா, அதை மட்டும் மிச்சம் பிடிக்கமாட்டேன்.

எதிரணிக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். நோட்டு எழுதுவது தப்பு இல்லை. நான் இன்றைக்கும் எழுதுகிறேன். போன ஆண்டிலிருந்து பக்க ஓரத்தில் ஒரு கோடு கிழித்துப் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். தள்ளிவைத்த ஒவ்வொன்றுக்கும் நேரே, 'ஆறு மாதம் கழித்து இது என்ன ஆகும்?' என்று எழுத வேண்டும். பாதி வரிகளில் 'ஒன்றும் ஆகாது' என்றுதான் வருகிறது, அதை நிம்மதியாகத் தள்ளிவைக்கிறேன். மீதி வரிகளில் பேனா நின்றுவிடுகிறது. அந்த வாரமே கிளம்பிவிடுகிறேன்.

பல்லுக்குப் போட்ட கேப் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பழக்கதோஷம், கடினமான எதையும் இன்னும் வலது பக்கம்தான் மெல்லுகிறேன். நோட்டில் அந்தச் சிவப்பு வட்டத்தையும் அடிக்காமல் விட்டிருக்கிறேன். எதிரணித் தம்பி வேண்டுமானால் வாங்கிப் பார்க்கலாம், 47-ஆம் பக்கம்.

வணக்கம்.